அப்பா கணுக்காலில் கட்டிய சென்சார்: மாடல் 96% காட்டுகிறது, வீட்டில் ஒன்றையும் பிடிக்கவில்லை

வைகைக்கரை:
வணக்கம். அப்பாவுக்கு வயது 69. பார்க்கின்சன் வந்து ஒன்பது வருடம். இப்போது பெரிய தொல்லை, கால் ஒட்டிக்கொள்வது. கூடத்தில் நன்றாக நடந்து வருபவர், சமையலறை நிலைப்படி வந்ததும் நின்றுவிடுகிறார். பாதம் தரையில் பசை போட்ட மாதிரி நிற்க, உடம்பு மட்டும் முன்னால் சாய்கிறது. போன மாதம் அப்படித்தான் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை? மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழித்து?" என்று டாக்டர் கேட்கிறார். அவர் அறையில் அப்பா நன்றாகவே நடந்து காட்டிவிடுகிறார். எனக்குக் குத்துமதிப்பாகப் பதில் சொல்ல மனமில்லை.

அதனால் ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினிப் பலகையும் எம்பியூ6050 என்ற அசைவு சென்சாரும் வாங்கி ஒரு துணிப்பட்டையில் தைத்துக் கணுக்காலில் கட்டினேன். டெல் அவிவில் 10 நோயாளிகளிடம் எடுத்த டாஃப்நெட் என்ற நடைத் தரவில் கணுக்கால் அளவீட்டை மட்டும் வைத்து, கால் ஒட்டுவதைக் கண்டுபிடிக்க ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற இயந்திரக் கற்றல் மாடலைப் பயிற்றுவித்தேன். 4 விநாடித் துண்டுகள், ஒன்றின் பாதி அடுத்ததோடு படியும். துல்லியம் 96%. ஆனால் அப்பா உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது அலாரம் அடிக்கிறது, நிலைப்படியில் நிற்கும்போது அடிப்பதில்லை. எங்கே தப்பு?

தறிச்சத்தம்:
துண்டுகளைக் குலுக்கிப் பிரித்தீர்களா? அப்படியென்றால் ஒரே ஆளின் ஒரே நடை பயிற்சியிலும் சோதனையிலும் போயிருக்கும். அந்தப் பத்துப் பேர் நடையை மாடல் மனப்பாடம் செய்துவிட்டது. ஒன்பது பேரை வைத்துப் பயிற்றுவித்து, பத்தாமவரிடம் சோதியுங்கள். இப்படியே ஆளை மாற்றி மாற்றி. துல்லியத்தை மட்டும் பார்த்தால் ஏமாற்றும்: கால் ஒட்டிய நேரம் அந்தத் தரவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான், எதற்கும் "இல்லை" என்று சொல்லும் மாடலுக்கே 90%-ஐ ஒட்டிக் கிடைத்துவிடும்.

இன்னொரு சந்தேகம். அப்பா அசையாமல் இருக்கும்போது சென்சார் என்ன எண் காட்டுகிறது?

வைகைக்கரை:
16,400 பக்கம்.

தறிச்சத்தம்:
அதுதான். எம்பியூ6050 வாங்கிய நிலையில் புவியீர்ப்பு ஒரு மடங்குக்கு 16,384 என்று கொடுக்கும். டாஃப்நெட்டில் அதே அளவு 1,000. ஒரே அலகுக்குக் கொண்டுவாருங்கள். அங்கே விநாடிக்கு 64 அளவீடு, அதையும் பொருத்துங்கள்.

பிறகு 3–8 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 3–8 அதிர்வு) அசைவின் ஆற்றலை 0.5–3 ஹெர்ட்ஸ் அசைவின் ஆற்றலால் வகுத்து, அந்த விகிதத்தையும் மாடலுக்குக் கொடுங்கள். ஒட்டும்போது வரும் நடுக்கம் மேல் பட்டையில் விழும், நடை கீழ்ப் பட்டையில். சும்மா இருக்கும்போது இரண்டுமே பூஜ்யத்தை ஒட்டி இருப்பதால் விகிதம் தாறுமாறாக எகிறும். மொத்த ஆற்றல் ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் விகிதத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

நடைக்கோல்:
நான் பிசியோதெரபிஸ்ட். அப்பா ஒட்டி நிற்கும்போது முழங்கால் கிடுகிடுவென்று நடுங்குகிறதா, அசைவே இல்லாமல் நிற்கிறாரா? அசைவே இல்லையென்றால் கணுக்கால் சென்சாருக்கு அது சாதாரணமாக நிற்பது போலத்தான் தெரியும். செல்போனில் காலை மட்டும் வீடியோ எடுங்கள். தொடங்கும்போது கேமரா முன்னால் சென்சாரை மூன்று முறை தட்டினால் வரைபடத்தில் மூன்று முள் எழும். அதை வைத்து இரண்டையும் நேரம் பொருத்தலாம். மாத்திரை போட்ட நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள் தம்பி.

சென்சார் சரியாகும்வரை காத்திருக்க வேண்டாம். நிலைப்படிக்கு முன்னால் தரையில் குறுக்காக, ஓர் அடி இடைவெளியில், பளிச்சென்ற நிறத்தில் டேப் ஒட்டிக் கோட்டைத் தாண்டச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார்.

வைகைக்கரை:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். அலகைச் சரிசெய்ததும் பேப்பர் படிக்கும்போது வந்த அலாரம் நின்றது. ஆளை விட்டுச் சோதித்தால் கால் ஒட்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் பிடிக்கிறது. வீடியோவில் அப்பாவுக்கு 31 தடவை. 22-ல் முழங்கால் நடுங்குகிறது, அதில் 17-ஐ மாடல் பிடித்தது. நடுங்காத 9-ல் ஒன்றுகூட இல்லை, பிசியோ அக்கா சொன்னபடியே.

நோட்டோடு சேர்த்துப் பார்த்தால் 31-ல் 24, அடுத்த மாத்திரைக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில். டாக்டர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். மாத்திரை இடைவெளியை ஐந்து மணியிலிருந்து நாலாகக் குறைத்தார். நீல டேப் ஆறு கோடு ஒட்டியிருக்கிறோம். நேற்றுக் காலை அப்பா அதைத் தாண்டிப் போய் அவர் காபியை அவரே எடுத்து வந்தார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்.

டாஃப்நெட்டில் தொடை, இடுப்பு அளவீடும் இருக்கிறதே, அந்த 9-க்கு இடுப்பில் இன்னொன்று கட்டினால் பிடிக்குமா?