தனுஷ்கோடிக்குப் பிள்ளைகளோடு போகலாமா?

வணக்கம். பொங்கல் விடுமுறையில் அம்மா, இரண்டு பிள்ளைகளோடு ராமேஸ்வரம், தனுஷ்கோடி, தேவிபட்டினம் என்று நான்கு நாள் சுற்ற நினைக்கிறேன். மாமியார் விடமாட்டேன் என்கிறார்: "அது கடத்தல்காரங்க கரை. எதிர்ல இலங்கை. பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகாதே."

தங்கக் கடத்தல், மீனவர் கைது எல்லாம் நானும் செய்தியில் பார்க்கிறேன்தான். ஆனால் கோயிலுக்கு வருகிறவனுக்கு அதில் என்ன? எனக்குப் பயம் கடல்தான். தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயல் விழுங்கிய ஊராயிற்றே. சின்னவனோ தண்ணீரைக் கண்டால் நிற்கமாட்டான்.

சரி, அந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்லுங்கள்: தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையிலிருந்து மாலை எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும்? சோதனைச்சாவடியில் ஆதார் கேட்பார்களா? அலையில்லாமல் பிள்ளைகள் கால் நனைக்க எந்தக் கரை நல்லது? முழங்கால் வலியோடு அம்மாவால் ராமேஸ்வரம் கோயிலின் 22 தீர்த்தமும் ஆட முடியுமா? அப்புறம், பாம்பனில் நல்ல மீன் சாப்பாடு எங்கே?