சோமாலியா: ஐந்து பருவம் மழை பொய்த்தும் அறிவிக்கப்படாத பஞ்சம், இரண்டே பருவத்தில் 2011-இல் வந்தது ஏன்?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் கற்பிக்கிறேன். ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியில் ஏற்படும் வறட்சியைப் பற்றி ஒரு பாடம் தயாரிக்கும்போது எழுந்த ஐயத்தை இங்கே முன்வைக்கிறேன்.

சோமாலியாவுக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலங்கள்: ஏப்ரல் முதல் ஜூன் வரை பெய்யும் 'கு' மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் 'தெய்ர்' மழை. 2010 இறுதியில் தெய்ர் பொய்த்து, அடுத்து வந்த கு மழையும் கைவிட்டதும், 2011 ஜூலை 20 அன்று தெற்குச் சோமாலியாவின் பக்கூல், கீழ் ஷபெல்லே ஆகிய வட்டாரங்களில் பஞ்சம் நிலவுவதாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. 2010 அக்டோபரிலிருந்து 2012 ஏப்ரல் வரை சுமார் 2,58,000 பேர் இறந்ததாகப் பின்னர் வந்த ஆய்வு மதிப்பிட்டது; அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். ஆனால் 2020 இறுதி தொடங்கி 2022 இறுதி வரை தொடர்ந்து ஐந்து பருவங்கள் மழை பொய்த்தபோது பஞ்சம் அறிவிக்கப்படவில்லை. 2022-இல் மட்டும் சுமார் 43,000 பேர் கூடுதலாக இறந்தனர் என்ற மதிப்பீடு உள்ளது.

வறட்சியின் கடுமைக்கும் சாவின் எண்ணிக்கைக்கும் நேரான தொடர்பு இல்லை என்றால், நடுவில் நிற்பது எது? 43,000 பேர் இறந்த பின்னும் 'பஞ்சம் தவிர்க்கப்பட்டது' என்று மாணவர்களிடம் சொல்வது முறையா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் கடமைப்பட்டிருப்பேன்.

---

சோளக்கொல்லை எழுதியது:

ஐயா, நடுவில் நிற்பது சந்தை. அதற்கு அடுத்தபடியாக, உதவி உள்ளே போவதற்கான வழி.

சோமாலியாவின் மேய்ச்சல் குடும்பம் ஆட்டுக்கறியையும் ஒட்டகப் பாலையும் மட்டுமே உண்டு வாழ்வதில்லை. ஓர் ஆட்டை விற்றுச் சோளமோ அரிசியோ வாங்கித்தான் மாதத்தை ஓட்டுகிறது. ஆகவே அங்கே பசியை அளப்பவர்கள் முதலில் கேட்பது, ஓர் ஆடு விற்ற காசில் இன்று எத்தனை கிலோ சோளம் வாங்க முடியும் என்பதைத்தான். மழை பொய்த்தால் எல்லாக் குடும்பங்களும் ஒரே நேரத்தில் சந்தைக்கு ஆட்டை ஓட்டி வருவதாலும், மெலிந்த ஆட்டை வாங்க ஆள் இல்லாததாலும் ஆட்டின் விலை சரிகிறது. அதே வாரங்களில் விளைச்சல் இல்லாமல் சோளத்தின் விலை ஏறுகிறது. தெற்குச் சோமாலியாவின் பைதோவா நகரச் சந்தையில் 2011 நடுப்பகுதியில் சிவப்புச் சோளத்தின் விலை முந்தைய ஆண்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் போயிருந்தது. கடைகளில் தானியம் இருக்கிறது, வாங்குகிறவர் கையில்தான் ஒன்றுமில்லை. நம் முன்னோர் தாது வருடப் பஞ்சத்தில் கண்டதும் இதுவே. 1876–78-இல் சென்னை மாகாணத்தில் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோதும் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை.

எல்லாருக்கும் அடி ஒரே அளவில் விழவில்லை என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். 2011-இல் மிகுதியாக மாண்டவர்கள் பே, கீழ் ஷபெல்லே வட்டாரங்களில் மானாவாரியாகச் சோளம் பயிரிட்டும் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தும் வாழ்ந்த ரஹன்வெய்ன் குடியினரும் பாண்டு சிறுபான்மையினரும் ஆவர். வெளிநாட்டு உறவினர்கள் அனுப்பும் பணம் சோமாலியாவில் பல வீடுகளைத் தாங்கி நிற்கிறது. இந்தக் குடிகளுக்கோ லண்டனிலும் அமெரிக்காவின் மினியாபொலிஸிலும் உறவுகள் குறைவு. வறட்சி ஒன்றுதான், ஆனால் தொலைபேசியில் அழைத்துப் பணம் கேட்க ஒருவர் இருந்த வீட்டின் கதை வேறு, அப்படி ஒருவரும் இல்லாத வீட்டின் கதை வேறு.

அடுத்தது வழி. தெற்குச் சோமாலியாவின் பெரும்பகுதி அப்போது அல்-ஷபாப் என்ற தீவிரவாத ஆயுதக் குழுவின் கையில் இருந்தது. அச்சுறுத்தல்கள் காரணமாக ஐ.நா. அமைப்பான உலக உணவுத் திட்டம் 2010 ஜனவரியில் அப்பகுதியில் பணியை நிறுத்திக்கொண்டது. எஞ்சியிருந்த பல அமைப்புகளையும் அல்-ஷபாப் வெளியேற்றியது. மறுபக்கம், தங்கள் பணம் தீவிரவாதிகளிடம் போய்விட்டால் சட்டம் பாயும் என்ற அச்சத்தில் அமெரிக்க உதவியும் வற்றியது. பஞ்ச முன்னறிவிப்பு அமைப்புகள் 2010-இன் பிற்பகுதியிலிருந்தே எச்சரித்துக்கொண்டிருந்தன. 2011 மே முதல் ஆகஸ்ட் வரை மாதத்துக்கு ஏறத்தாழ 30,000 பேர் இறந்துகொண்டிருக்க, பெரும்பணம் வந்து சேர்ந்தது ஜூலை அறிவிப்புக்குப் பின்னர்தான். எச்சரிக்கை கிடைத்தும் மாதக்கணக்கில் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை என்னால் இயற்கைச் சீற்றத்தின் கணக்கில் எழுத முடியவில்லை.

மீண்டும் வறட்சி வந்த 2017-இலும் 2022-இலும் மாறியது முதன்மையாக இதுவே. தலைநகர் மொகதிஷுவில் சிறுகடைக்காரரும் கைப்பேசி வழியாகவே காசு வாங்குகிறார் என்பதால், உதவியின் பெரும்பங்கு மூட்டைகளாக அல்லாமல் கைப்பேசிப் பணமாகப் போனது. தானியத்தை வணிகர்களே உள்ளே கொண்டுவந்தார்கள். சோமாலியாவுக்கு வரும் கோதுமையில் குறைந்தது 90 விழுக்காடு ரஷ்யாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வந்துகொண்டிருந்ததால், 2022-இல் போர் மூண்டபோது அந்த வழியிலும் இடி விழுந்தது. அதையும் மீறித் தாக்குப்பிடித்தார்கள்.

அறிவிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். ஐந்து படிகள் கொண்ட உணவுப் பாதுகாப்பு அளவுகோலில் கடைசிப் படிதான் பஞ்சம். ஒரு வட்டாரத்தில் ஐந்தில் ஒரு குடும்பமாவது உணவே இல்லாத நிலையில் இருக்க வேண்டும். குழந்தைகளில் 30 விழுக்காட்டினருக்குக் கடும் மெலிவு இருக்க வேண்டும். நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேருக்கு இருவர் இறக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைக் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்: ஒரு லட்சம் பேர் வாழும் ஊரில் தினமும் 20 பிணங்கள். 2022 செப்டம்பரில், பைதோவா, புர்ஹகபா மாவட்டங்களில் ஆண்டு இறுதிக்குள் இந்த எல்லை தாண்டப்படும் என்று எச்சரித்தார்கள். உதவி விரைந்ததால் எல்லைக்குச் சற்று இப்பால் நின்றது. 'எல்லை தாண்டப்படவில்லை' என்று சொல்வது சரி. 'தவிர்க்கப்பட்டது' என்ற சொல்லை நான் வகுப்பில் பயன்படுத்த மாட்டேன்.

---

செவிலி_நெய்தல் எழுதியது:

சோளக்கொல்லை அவர்கள் சந்தையைப் பற்றிச் சொன்னதோடு, கடைசிக் கட்டத்தில் குழந்தையைக் கொண்டுபோவது எது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஓர் அகதி முகாம் மருத்துவமனையின் ஊட்டச்சத்துப் பிரிவில் பணிபுரிந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

உணவில்லாமல் மட்டுமே இறக்கும் குழந்தைகள் குறைவு. தட்டம்மை, வயிற்றுப்போக்கு, நிமோனியா ஆகியவையே கொல்கின்றன. பசி அவற்றுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. நல்ல உடல்நிலையில் உள்ள குழந்தை ஒரு வாரத்தில் மீண்டுவிடும் தட்டம்மை, மெலிந்த குழந்தையின் உயிரையோ கண்ணையோ பறித்துவிடும். அதனால்தான் முகாம்களில் உணவுப் பங்கீடு ஒழுங்காகும் முன்பே தடுப்பூசியும் வைட்டமின் ஏ-யும் கொடுக்கத் தொடங்குகிறோம். 2011-இல் கென்யாவின் தாதாப் முகாமில் தட்டம்மை பரவியபோது பதினைந்து வயதைக் கடந்தவர்களும் ஏராளமாக நோயுற்றார்கள். 1991-இல் சோமாலியாவின் அரசு குலைந்த பின், ஒரு தலைமுறையே தடுப்பூசி காணாமல் வளர்ந்திருந்தது.

புதிதாக வந்த குழந்தையின் இடது மேற்கையில் நிறங்கள் இட்ட ஒரு நாடாவைச் சுற்றி அளப்போம். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் சிவப்பு, அதாவது மிகக் கடும் மெலிவு. அடுத்து வருவதுதான் எனக்கு எப்போதும் நெஞ்சு படபடக்கும் இடம்: தாயின் கையைக் கழுவச் சொல்லி, நிழலான ஓர் ஓரத்தில் அமர வைத்து, நிலக்கடலையும் பால்தூளும் எண்ணெயும் சர்க்கரையும் கலந்த பசைப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுப்போம். குழந்தை தானே விரும்பி நக்கிச் சாப்பிட்டால், வாரப் பங்கைக் கொடுத்துத் தாயோடு அனுப்பிவிடலாம். 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி இருக்கிறது; தண்ணீர் கலக்க வேண்டியதில்லை என்பதால் அசுத்த நீரின் அபாயமும் இல்லை. வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினால் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும், ஏனெனில் பசி உணர்வே அற்றுப்போன உடல் நோயோடு போராடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட குழந்தைக்கு வயிறு நிறைய ஊட்டினால் இதயம் தாங்காது. நீர்த்த பாலைச் சிறுசிறு அளவாக இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும் எழுப்பிக் கொடுக்க வேண்டும். உடல் குளிர்ந்துபோகும் என்பதால் தாயின் மார்போடு அணைத்துப் போர்த்தியே வைத்திருப்போம். இதை அறியாதவர்கள் இரக்கத்தால் அள்ளி ஊட்டிவிடுவது உண்டு.

காலராவில் நிலைமை இன்னும் வேகமானது. வறட்சியில் கிணறுகள் வற்ற, மிஞ்சிய ஒன்றிரண்டு நீர்நிலைகளில் மனிதரும் கால்நடையும் கூடுகிறார்கள். நோய் அங்கிருந்து கிளம்புகிறது. 2017-இல் சோமாலியாவில் 70,000-க்கும் மேற்பட்டோருக்குக் கடும் வயிற்றுப்போக்கு கண்டது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடும் என்பதை 1971-இல் வங்க அகதிகள் குவிந்த பன்கான் முகாமில் மருத்துவர் திலீப் மகாலனபிஸ் காட்டினார். சிரைவழி மருந்து தீர்ந்துபோன நிலையில் கரைசலைப் பீப்பாய்களில் வைத்து உறவினர் கையாலேயே ஊட்ட வைத்தார். 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் கரைசலைக் கலக்கவும் சுத்தமான தண்ணீர்தான் வேண்டும். முகாம்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்பது குறைந்தபட்ச இலக்கு. கூட்டம் திடீரென்று பெருகும் வாரங்களில் அது எட்டுவதே இல்லை.

ஆகவே ஐயா, 2011-க்கும் 2022-க்கும் இடையிலான வேறுபாட்டில் பணத்தோடு தடுப்பூசிக்கும் நிலக்கடலைப் பசைக்கும் தண்ணீர் லாரிக்கும் உரிய பங்கை மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

---

பாலைவழி எழுதியது:

இருவரும் முகாமை வந்து சேரும் இடமாகக் காட்டினார்கள். முகாம் வரை வரும் நடையையும், அங்கிருந்து திரும்ப முடியாமல் போவதையும் நான் சேர்க்கிறேன்.

மேய்ச்சல் குடிகளுக்கு இடம்பெயர்வது வாழ்க்கை முறையே. மழை தேடி மந்தையோடு போவது நலிவின் அடையாளம் அன்று. மந்தை செத்த பிறகு வெறுங்கையோடு நடப்பதுதான் வேறு. பெரும்பாலும் குடும்பம் பிரிகிறது: எஞ்சிய ஒட்டகங்களோடு ஆண் தங்கிவிட, பெண் குழந்தைகளோடு புறப்படுகிறாள். 2011 நடுப்பகுதியில் நாளொன்றுக்கு ஆயிரம் பேருக்கும் மேல் தாதாபுக்கு வந்தார்கள். 90,000 பேருக்கென்று அமைத்த முகாமில் அவ்வாண்டு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நெருக்கியடித்து இருந்தனர். கடைசி ஆட்டையும் விற்ற பிறகு, நடக்க வலுவற்ற நிலையில் கிளம்புவதால் வழியிலேயே பலர் பிள்ளைகளை இழந்தார்கள்.

எல்லை தாண்டியவருக்கு அகதி என்ற சட்டத் தகுதியாவது உண்டு. நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவருக்கு அது கிடையாது. 2021 ஜனவரியிலிருந்து 2022 ஆகஸ்ட் வரை வறட்சியால் பெயர்ந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் இந்த நிலையினர். பைதோவாவிலும் மொகதிஷுவிலும் அவர்கள் குடிசை போடும் நிலம் தனியாருடையது. 'வாயில்காப்போர்' எனப்படும் இடைத்தரகர்கள் இடம் காட்டிவிட்டு, வந்து சேரும் உதவியில் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். நில உரிமையாளர் மனம் மாறினால் ஒரே நாளில் வெளியேற்றம். சிறுபான்மைக் குடிகளுக்காகப் பேச ஊரில் வலுவான ஆள் இல்லாததால், இங்கும் அவர்களே கடைசி வரிசையில் நிற்கிறார்கள்.

மழை பெய்ததும் திரும்பிப் போய்விடலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். திரும்புவதற்கு ஆடு வேண்டும், விதை வேண்டும், போகும் இடம் ஆயுதக் குழுவின் கையில் இல்லாமல் இருக்க வேண்டும். 2023-இல் மழை வந்தபோதும் நிம்மதியாக வரவில்லை. மே மாதத்தில் ஷபெல்லே ஆறு கரையுடைத்து பெலெத்வெய்ன் நகரை மூழ்கடித்தது. ஆண்டு இறுதியில், பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ நிலையால் வந்த வெள்ளத்தில் மீண்டும் இலட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள்.

---

வைகைக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. செவிலி அம்மாவின் பதிவைப் படித்த பிறகு, பாடத்தில் மழை வரைபடத்துக்கு நான் ஒதுக்கியிருந்த நேரத்தைக் குறைக்கப் போகிறேன். ஒரே ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. முன்னறிவிப்பை நம்பிப் பணத்தை முன்கூட்டியே கொடுத்து, பிறகு மழை நன்றாகப் பெய்துவிட்டால், அந்தப் பணம் வீண்தானே என்று நன்கொடை தரும் நாடுகள் கேட்பதில் நியாயம் இல்லையா?

---

சோளக்கொல்லை எழுதியது:

கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தப் பணம் என்னவாகிறது என்று பாருங்கள். முன்கூட்டியே கிடைத்த பணத்தில் குடும்பம் கடையில் வைத்த கடனை அடைக்கும், தீவனம் வாங்கும், கறவை ஆட்டை விற்காமல் வைத்துக்கொள்ளும். மழை பெய்தாலும் இவற்றில் எதுவும் வீணாவதில்லை. பெய்யாவிட்டால், அந்த ஆட்டின் பால்தான் வீட்டிலுள்ள சின்னக் குழந்தைக்கு உணவு.

எல்லாப் பருவத்தையும் ஒரே உறுதியோடு கணிக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பசிபிக் கடல் வழக்கத்தைவிடக் குளிரும் லா நினா நிலவும் ஆண்டுகளில் தெய்ர் மழை குறையும் என்பதை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே ஓரளவு நம்பிக்கையோடு சொல்லிவிடலாம். 2010-இலும் 2022-இலும் லா நினாதான். அந்த இரண்டு மாத அவகாசத்தில் பணம் போக வேண்டும். கு மழையைக் கணிப்பது கடினம். அங்கே முன்னறிவிப்பை மட்டும் நம்பாமல், ஏப்ரல் மழை பிந்தும்போதே ஆட்டுக்கும் சோளத்துக்குமான விலை விகிதத்தையும், ஊட்டச்சத்து மையங்களில் சிவப்பு நாடாவோடு சேரும் குழந்தைகளின் எண்ணிக்கையையும் வாரந்தோறும் பார்த்து, இரண்டும் ஒன்றாக மோசமானால் அறிவிப்புக்குக் காத்திராமல் நிதியை விடுவிக்கும்படி முன்னரே ஒப்பந்தம் செய்துவைப்பதுதான் நடைமுறைக்கு உகந்த வழி.