பழைய ரோடு சைக்கிளை ஃபிக்ஸட் கியர் ஆக்கினேன், செயின் அரைக்கிறது: முன்னால் திருத்துவதா, பின்னாலா?

பழைய சட்டகம்:
ஆறு கியர் ஓடிய எஃகு ரோடு சைக்கிள். கியர்களைக் கழற்றிவிட்டு ட்ராக் ஹப் (ஃபிக்ஸட் கியருக்கான சக்கர நடுப்பகுதி; சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும்) கோத்த சக்கரம் மாட்டியிருக்கிறேன். கிராங்க் (பெடல் கை) பழையதுதான், 52, 42 பல் கொண்ட இரண்டு செயின்ரிங் (முன்பல்சக்கரம்) உள்ளது. அதில் 42-ஐ எடுத்துவிட்டு 52-ஐ மட்டும் வைத்திருக்கிறேன்; பின்னால் 18 பல். மிதித்தால் கரகரவென்று அரைக்கிறது. நேற்று ஓர் இறக்கத்தில் செயின் கழன்றே விட்டது. பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுழலும் இடம்) அச்சைக் குட்டையாக்கினால் தீருமா?

கண்ணளவு:
செயின் என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும். பின்னால் குனிந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள், நேராகத் தெரிந்தால் போதும். கியர் சைக்கிளில் எவ்வளவு கோணலாக ஓடுகிறது, யார் கவலைப்பட்டார்கள்? உண்மையில் புதிய சக்கரமே வீண் செலவு. பழைய ஃப்ரீவீல் ஹப்பின் (மிதிக்காதபோது பெடல் நிற்கும் வகை) மரையில் இந்த ஸ்பிராக்கெட் (பின்பல்சக்கரம்) ஏறும். மரைப்பசை தடவி, பாட்டம் பிராக்கெட்டின் பூட்டு வளையத்தைப் போட்டு இறுக்கினால் வேலை முடிந்தது.

அளவுகோல்:
முடிவது வேலை மட்டுமாக இருந்தால் சரி. ட்ராக் ஹப்பில் பூட்டு வளையத்துக்கு எதிர்த்திசை மரை வைத்திருப்பது ஏன்? வேகம் குறைக்கப் பின்னோக்கி அழுத்தும்போது ஸ்பிராக்கெட் கழலப் பார்த்தால் வளையம் மேலும் இறுகும். ஃப்ரீவீல் ஹப்பில் இரண்டுக்கும் ஒரே திசை மரை, இரண்டும் கைகோத்துக் கழலும். கியர் சைக்கிளோடு ஒப்பிடுவதும் தவறு. அங்கே செயின் தொய்வை டெரெய்லர் (கியர் மாற்றும் கருவி) இழுத்துப் பிடிக்கிறது, கழன்றாலும் கால்தான் சும்மா சுற்றும். இங்கே கழன்ற செயின் ஸ்பிராக்கெட்டில் சிக்கினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

பழைய சட்டகம், எதையும் வாங்கும் முன் அளந்து பாருங்கள். முன்னால்: சீட் குழாயின் விளிம்பிலிருந்து செயின்ரிங் பல்லின் நடுவரை உள்ள தூரம், அதோடு குழாய் விட்டத்தில் பாதி. பின்னால்: ஃபிரேமின் இரு டிராப்அவுட்டுகளுக்கு (சக்கர அச்சு மாட்டும் பிளவுகள்) இடைப்பட்ட அகலத்தில் பாதி, அதிலிருந்து வலது டிராப்அவுட்டின் உள்முகத்துக்கும் ஸ்பிராக்கெட் பல்லின் நடுவுக்கும் உள்ள தூரத்தைக் கழியுங்கள். இரண்டு எண்களும் ஒன்றாக வர வேண்டும்.

பழைய சட்டகம்:
முன்னால் 32 மி.மீ., குழாய் 28.6, ஆகவே 46.3. பின்னால் அகலம் 126, பாதி 63, ஸ்பிராக்கெட் 24 தள்ளி நிற்கிறது. 39 வருகிறது. 7 மி.மீ. வித்தியாசமா! நான் தவறாக அளந்தேனா?

அளவுகோல்:
அளவு சரியாகத்தான் இருக்கும். ட்ராக் ஹப் பெரும்பாலும் 120 மி.மீ. அகலம், செயின்லைன் (நீங்கள் அளந்த, நடுவிலிருந்து செயின் வரையான தூரம்) 42. உங்கள் ஃபிரேமில் 6 மி.மீ. மிச்சம். அதை நிரப்பும் 1 மி.மீ. ஸ்பேசர் வளையங்களை எந்தப் பக்கம் போட்டீர்கள்?

பழைய சட்டகம்:
ஆறும் வலப்பக்கம். முன்பு கியர்கள் இருந்த பக்கம் அல்லவா, அங்கேதான் இடம் காலியாகத் தெரிந்தது. ரிம் ஒரு பக்கமாகப் போனதால் சக்கரத்தைச் சற்றுச் சாய்த்து இறுக்கினேன்.

அளவுகோல்:
நோய் அங்கேதான். ஹப் 3 மி.மீ. இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது. சக்கரத்தைச் சாய்த்ததில் ஸ்பிராக்கெட்டும் செயின்ரிங்கும் இணையாகக்கூட நிற்கவில்லை. பக்கத்துக்கு மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். பின்னால் 42 ஆகிவிடும், ரிம்மும் தானாக நடுவுக்கு வரும். எஞ்சிய 4.3-ஐ முன்னால் தீர்க்கலாம்: கிராங்கில் 42 இருந்த உள்பக்க இடம் ஏறத்தாழ 5 மி.மீ. உள்ளே இருக்கிறது, செயின்ரிங்கை அங்கே மாற்றுங்கள்.

ஸ்போக் சாவி:
முன்பாதியை ஏற்கிறேன், பின்பாதியை ஏற்க மாட்டேன். 52 பல்லை உள்ளிடத்தில் வைத்தால் செயின்ஸ்டே குழாயில் (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின்சக்கர அச்சுக்குப் போவது) உரசும். அந்த இடம் 42 பல்லுக்காக அமைந்தது. அச்சைக் குட்டையாக்கினாலும் கதை மாறாது, 8 மி.மீ. குறைத்தால் பக்கத்துக்கு நான்குதான் உள்ளே போகும், செயின்ரிங் போய் நிற்பதென்னவோ அதே இடத்தில். 52 வேண்டுமென்றால் ஆறு ஸ்பேசரையும் இடப்பக்கம் போடுங்கள். பின்னால் 45 வரும். பிறகு ஸ்போக்குகளை முறுக்கி ரிம்மை 3 மி.மீ. இழுத்து நடுவாக்குங்கள். எஞ்சுவது 1.3 மட்டும்.

அளவுகோல்:
ட்ராக் சக்கரத்தின் அழகே இரு பக்க ஸ்போக்குகளும் ஒரே இழுவையில் இருப்பது. அதைக் கெடுத்து என்ன லாபம்? இருபக்க ஹப் (இரு பக்கமும் ஸ்பிராக்கெட் மாட்டுவது) என்றால் மறுபக்கத்தைத் திருப்பிப் போடவும் முடியாது. அங்கே 39-தான் கிடைக்கும்.

ஸ்போக் சாவி:
மறுபக்கம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் இழுவை வேறுபாட்டைப் பூதமாக்க வேண்டாம். கியர் சைக்கிளின் பின்சக்கரங்கள் இதைவிட ஏறுமாறான இழுவையோடு பல ஆண்டுகள் ஓடுகின்றன. நானே இப்படி மூன்று சக்கரங்கள் கட்டியிருக்கிறேன், ஒரு ஸ்போக்கும் அறுந்ததில்லை.

கண்ணளவு:
ஏழு மி.மீ. எனக்கும் கண்ணில் பட்டிருக்கும். 1.3-க்காக இத்தனை சண்டையா?

அளவுகோல்:
1.3-ஐப் பற்றி யாரும் சண்டையிடவில்லை. அதற்கு எப்படிப் போவது என்பதுதான் சண்டை.

பழைய சட்டகம்:
ஸ்போக் முறுக்க எனக்குக் கை வராது. ஆகவே ஸ்பேசர்களை மூன்று மூன்றாகப் பிரித்தேன். 52-ஐ விட்டுவிட்டு, மூலையில் கிடந்த 42-ஐ உள்ளிடத்தில் மாட்டினேன். முதலில் பழைய போல்ட்டுகள் இறுகவே இல்லை. ஒற்றை ரிங்குக்குக் குட்டை போல்ட் வேண்டும் என்பதை அதன் பிறகுதான் கண்டுபிடித்தேன். செயினிலும் சில கண்ணிகளைக் குறைத்தேன். இப்போது முன்னால் 41.4, பின்னால் 42. டயர் தரையில் உருளும் ஓசை மட்டுமே கேட்கிறது. ஆனால் 42-க்கு 18 மிகவும் இலேசு, சமதரையில் கால் பறக்கிறது.

ஸ்போக் சாவி:
52-ஐ விட்டதன் விலை. 15 பல் போட்டால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 2.8 சுற்று, பழைய 52/18-க்கு வெகு அருகில் வந்துவிடும். மாற்றியதும் செயின் இழுவையை மறுபடி பாருங்கள். கிராங்கைச் சுற்றிக்கொண்டே, மிக இறுகும் இடத்தில் வைத்து.