மர டெக் தேய்க்க எந்த சாண்டர் (தேய்க்கிற மெஷின்) வாங்கலாம்? சனிக்கிழமைக்குள்ள பதில் வேணும்

ஏஜாக்ஸ்வாசி: வீட்டுப் பின்பக்க டெக்ல (மரத் தளம்) பழைய ஸ்டெயின் (மரச் சாயம்) செதில் செதிலா உரியுது. தேய்ச்சுட்டு புதுசா அடிக்கணும். 200 டாலருக்குள்ள எந்த சாண்டர் நல்லது? லாங் வீக்எண்ட்ல முடிச்சாகணும்.

பெல்ட்21: 3க்கு 21 இஞ்ச் பெல்ட் சாண்டர் வாங்குங்க, தேய்ப்புத் தாள் பட்டையா ஓடுறது. வட்டு சுத்தித் தேய்க்கிற ஆர்பிட்டல் மூணு நாள் இழுக்கிற வேலையை ஒரே நாள்ல முடிக்கும்.

இழைப்புளி: என்ன மரம், எவ்வளவு பெருசு, எந்த வருஷம் போட்டது? இதைச் சொல்லாம சாண்டர் கேட்டா யாரும் பதில் சொல்ல முடியாது. புதுசா வர்ற எல்லாரும் இதே தப்பைத்தான் பண்றீங்க. பழைய இழைகளைப் படிச்சுட்டு வாங்க.

பெல்ட்21, மெத்து மரத்துல பெல்ட் ரெண்டு செகண்ட் நின்னா பள்ளம் விழும். ஸ்டெயின் அடிச்ச பிறகுதான் அது கண்ணுக்குத் தெரியும்.

பெல்ட்21: 80 நம்பர் (சொரசொரப்பு அளவு, நம்பர் கூடினா நைஸ்) பெல்ட் போட்டு, மெஷினை ஓடவிட்டபடியே இறக்கி ஏத்தினா பள்ளம் விழாது. கை பழகணும், அவ்வளவுதான்.

பெயிண்ட்டப்பா: சாண்டரே வேண்டாம். கெமிக்கல் ஸ்ட்ரிப்பர் ஊத்தி, 20 நிமிஷம் ஊறவிட்டு, பிரஷ் போட்டுக் கழுவுங்க. பிறகு மரத்தை வெளுப்பாக்குற பிரைட்னர்.

ஏஜாக்ஸ்வாசி: சாரி. 12க்கு 16 அடி. 1998ல கட்டின வீடு, டெக்கும் அப்ப போட்டதுதான். என்ன மரம்னு தெரியல.

வன்னித்தச்சன்: தம்பி, ஒண்டும் வாங்காதேங்கோ, கொஞ்சம் பொறுங்கோ. கனடாவில 2003 முடியும் வரைக்கும் வீட்டு டெக்குக்கு உக்காமலிருக்க மருந்து ஏத்தி வித்த மரத்தில அனேகமா சிசிஏ எண்ட மருந்துதான். குரோமியம், செம்பு, ஆர்செனிக் மூண்டும் அதுக்குள்ள கிடக்கு. அதைத் தேய்ச்சால் ஆர்செனிக் தூசி உங்கட மூச்சிலயும் புல்லிலயும் போகும். அந்த மரமெண்டால் எந்த சாண்டரும் சரிவராது.

பெயிண்ட்டப்பா: அதனாலதான் ஸ்ட்ரிப்பர் சொன்னேன், தூசியே வராதே.

வன்னித்தச்சன்: அதுவும் கூடாது. சோடியம் ஹைட்ராக்சைடு உள்ள ஸ்ட்ரிப்பர் மரத்தில இருக்கிற குரோமியத்தை இன்னும் நச்சான வடிவத்துக்கு மாத்தக்கூடும். பிரைட்னரில இருக்கிற ஆக்சாலிக் அமிலம் ஆர்செனிக்கை வெளியில இழுக்கும். சிசிஏ மரத்துக்கு சோப்புத் தண்ணியும் மெத்துப் பிரஷும்தான்.

பெல்ட்21: 25 வருஷ மழையில எல்லாம் கரைஞ்சு போயிருக்காதா?

இழைப்புளி: போகாது. மேல்தோல்ல இருக்கிறது கொஞ்சம் கசியும், மீதி மர நாரோட பிணைஞ்சு கிடக்கும். மேல் தோலைச் சீவினா உள்ள இருக்கிறதுதான் புதுசா வெளிய வரும்.

வன்னித்தச்சன்: டெக்குக்குக் கீழ போய் டார்ச் அடிச்சுப் பாருங்கோ. வெயில் படாத அடிப்பக்கம் பச்சை ஓடிக் கிடக்கா? பலகையில சின்னச் சின்னக் கீறல் வரிசையா குத்தியிருக்கா? மருந்து இறங்கவெண்டு மில்லில குத்துறது அது. நுனியில பிளாஸ்டிக் சீட்டு அடிச்சிருந்தால் அதையும் வாசியுங்கோ. ஐமிச்சமெண்டால் ஒரு துண்டை லாபில குடுங்கோ.

ஏஜாக்ஸ்வாசி: பார்த்தேன். மேல் பலகையோட அடிப்பக்கம் செம்பழுப்பு, கீறல் இல்ல. தாங்குற சட்டம் மட்டும் பச்சை, அதுல கீறல் இருக்கு.

வன்னித்தச்சன்: அப்ப மேல அனேகமா சீடர் மரம், கீழ சிசிஏ. லாபும் அப்பிடிச் சொன்னால் பலகையை மட்டும் தேய்க்கலாம். தூண், ஓரச் சட்டத்தில மெஷின் முட்டக்கூடாது. கீழ தார்ப்பாய் விரியுங்கோ. சீடர் தூசியும் லேசானதில்லை, அதில இருக்கிற பிளிகாட்டிக் அமிலம் ஆஸ்துமாவைக் கொண்டு வரும். நுண் தூசியை வடிக்கிற பி100 மாஸ்க் போடுங்கோ.

இழைப்புளி: 5 இஞ்ச் ரேண்டம் ஆர்பிட்டல், வேகம் கூட்டிக் குறைக்கிற மாதிரி, தூசி உறிஞ்சுற வேக்கும் குழாய் மாட்டுற மாதிரி எடுங்க. முதல்ல செதிலை கார்பைட் ஸ்கிரேப்பர்ல சுரண்டுங்க. சுரண்டாம ஏறினா சூட்டுல ஸ்டெயின் இளகி தாளை அடைச்சிடும், வேகத்தைக் குறைச்சாலும் பாதிதான் தப்பும். 192 சதுர அடிக்கு 60 நம்பர் வட்டு 25லிருந்து 30 கையில வச்சுக்குங்க. அடுத்து 80, அதோட நிறுத்துங்க. 120 போனா மரம் மழுங்கி ஸ்டெயின் உள்ள இறங்காது.

ஆணித் தலை எல்லாத்தையும் 3 மில்லிமீட்டர் உள்ள இறக்கிட்டுத்தான் மெஷினை எடுக்கணும். தலையில இருக்கிற துத்தநாகப் பூச்சு தேய்ஞ்சு போனா இரும்பு துருப்பிடிக்கும், சீடர்ல இருக்கிற டானின் (துவர்ப்புச் சத்து) அதோட சேர்ந்து ஆணியைச் சுத்தி கறுப்பு வளையம் விடும்.

பெயிண்ட்டப்பா: அந்தக் கறுப்புக்காவது ஆக்சாலிக் அமிலம் தடவலாமே?

இழைப்புளி: கீழ இருக்கிற சட்டத்துல சொட்டும். வேண்டாம்.

பெல்ட்21: வாடகைக்கு 12க்கு 18 இஞ்ச் ஃப்ளோர் சாண்டர் கிடைக்குமே?

இழைப்புளி: பலகை சமமா இருந்தா சரி. ஓரம் தூக்கின பலகையில ஓரத்தை மட்டும்தான் தின்னும், நடுவுல பழைய ஸ்டெயின் அப்படியே நிக்கும்.

ஏஜாக்ஸ்வாசி: ஆர்பிட்டல் எடுத்தாச்சு. நாலு பலகை முடிஞ்சுது, மரம் நல்லா வெளுத்து வருது. ஆணி மொத்தமும் இறக்கவே அரை நாள் ஆச்சு. நன்றி.

வன்னித்தச்சன்: எண்ணெய் ஸ்டெயின் எண்டால் துடைச்ச துணியை உருட்டி வைக்காதேங்கோ, தானா தீப்பிடிக்கும். வெளியில தனித்தனியா விரிச்சுக் காயவிடுங்கோ.