16 எம்எம் ஒரே சுருள், 20 மாணவர்கள்: வகுப்பிலேயே கழுவலாமா?

நிழல்கூடம்: விஸ்காம் இரண்டாமாண்டு பரிசோதனைப் படப் பயிற்சி. சாவி கொடுத்து ஓட்டும் போலெக்ஸ் ஹெச்16 கேமரா ஒன்று, கோடக்கின் கறுப்பு-வெள்ளை ஃபிலிம் 7222 டபுள்-எக்ஸ் 100 அடி ஒன்று. கஃபெனாலில் (காபியில் செய்யும் டெவலப்பர்) வாளியில் கழுவ எண்ணம். சுருளை எப்படிப் பங்கிடுவது? எங்கே சொதப்பும்?

சாவிகொடு: ஆளுக்கு 5 அடி என்று பிரித்தால் 200 ஃபிரேம், 8 நொடிச் சொச்சம், ஒன்றும் தேறாது. நான்கு பேராக ஐந்து குழு போடுங்கள். குழுவுக்கு 17 அடி, அதாவது 680 ஃபிரேம், 28 நொடி. முழுச் சாவி கொடுத்தால் போலெக்ஸ் நொடிக்கு 24 ஃபிரேமில் ஓடுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒவ்வொரு குழுவுக்கும் பின் லென்ஸை மூடி 2 அடி ஓட்டுங்கள். இருட்டில் வெட்டு தவறினாலும் படம் போகாது. மிச்சம் 5 அடியில் ஒரே முகத்தை வேறுவேறு அபெர்ச்சரில் (லென்ஸ் திறப்பில்) எடுங்கள். கவுண்டர் 100 காட்டியதும் நிறுத்தி, இருட்டறையில் கேமராவைத் திறந்து அங்கேயே வெட்டுங்கள். சுருளின் வெளிப்பக்கம் இருப்பது கடைசியாக எடுத்தது. ஆகவே சோதனைத் துண்டு முதலில் வரும், பிறகு ஐந்தாம் குழு. சுவரில் 9½ அடி இடைவெளியில் இரண்டு ஆணி அடித்தால் இரண்டு நீளம் (17+2 அடி) ஒரு குழு. சிவப்பு விளக்கு கூடவே கூடாது, இது பாங்க்ரோமாட்டிக், சிவப்பு உட்பட எல்லா நிறமும் இதில் பதியும்.

ஹைப்போ_வாளி: ஒரு லிட்டருக்கு நீரற்ற வாஷிங் சோடா 54 கிராம், வைட்டமின் சி தூள் 16, இன்ஸ்டன்ட் காபி 40. 20 டிகிரியில் 15 நிமிடம் என்று தொடங்கி, சோதனைத் துண்டைப் பார்த்து நேரத்தை மாற்றுங்கள். 17 அடிக்கு 4 லிட்டர் வேண்டும்: அதே வரிசையில் 216, 64, 160 கிராம்.

நம் ஊரில் மூன்று இடத்தில் கெடும். காபி சிக்கரி கலந்ததாக இருந்தால் படம் வெளிறும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். ஆப்ப சோடா வேலைக்கு ஆகாது, காரம் போதாது. வாஷிங் சோடா கற்கண்டு மாதிரி படிகமாக இருந்தால் 2.7 மடங்கு எடுக்க வேண்டும். சோடாவை முதலில் கரைத்து, பிறகு வைட்டமின், கடைசியில் காபி. நுரை அடங்கும்வரை விடுங்கள். அன்றே தீர்த்துவிட வேண்டும், மறுநாள் செத்திருக்கும்.

குழாய்த் தண்ணீர் 30 டிகிரியில் இருக்கும். ஐஸை வாளிக்குள் போடாமல், வெளியே ஒரு தொட்டியில் போட்டு வாளியை அதில் இறக்குங்கள். டெவலப்பர் 20, அலசல் தண்ணீர் 30 என்றால் எமல்ஷன் (ஃபிலிம் மேல் உள்ள ஒளிப்பூச்சு) சுருங்கி வெடிக்கலாம். எல்லா வாளியும் ஒரே சூட்டில் இருக்கட்டும். படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ லிட்டருக்கு 250 கிராம், 10 நிமிடம்.

ஃபிலிமைத் தளர்வாக விட்டு, கையுறையோடு ஓயாமல் புரட்டுங்கள். ஒட்டிய இடம் திட்டாக நிற்கும். அது அழகு என்று மாணவர் சொல்வார்கள். சில சமயம் உண்மையும்கூட. (நாற்றம் பிடிக்காதவர்கள் ஜன்னலோரம் நிற்கட்டும்.)

வெட்டிஒட்டு: காய்ந்ததும் லைட்பாக்ஸில் வைத்து மேக்ரோ லென்ஸால் ஃபிரேம் ஃபிரேமாக எடுத்தால் 680 படம். எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் மேனுவலில் பூட்டாவிட்டால் மினுக்கும். டைம்லைனில் 24-இல் போட்டு கர்வை (ஒளி-இருள் கோட்டை) தலைகீழாக்கினால் பாசிட்டிவ்.

மதிப்பெண்ணை அழகுக்குப் போடாதீர்கள். ஷாட் வாரியாக அடி, அபெர்ச்சர், ஃபிரேம் வேகம் எழுதிய கேமரா ரிப்போர்ட்டுக்குப் போடுங்கள். அதே பயிற்சியை மொபைலிலும் வையுங்கள்: எக்ஸ்போஷர் பூட்டி, 28 நொடி, அழிக்கக் கூடாது, எடுத்த வரிசையே எடிட்.

நிழல்கூடம்: நன்றி. எக்ஸ்போஷருக்கு ஐஎஸ்ஓ 250 வைக்கலாமா?

ஹைப்போ_வாளி: பகல் வெளிச்சத்தில் பெட்டியில் போட்டிருப்பது 250, டங்ஸ்டனில் 200. கஃபெனாலுக்கு ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு ஒளி, கூடுதலாகக் கொடுங்கள், நிழலில் விவரம் நிற்கும்.