ஆகஸ்ட் 12 கண்காட்சி: பெட்டியைப் பூட்டும் முன் பார்க்க வேண்டியவை

அரிய நூல் பிரிவு

ஆகஸ்ட் 12 நெருங்குகிறது. இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் நினைவாக நூலகர் தினம் கொண்டாடும் பல்கலைக்கழக நூலகங்களில் அன்று ஒரு கண்காட்சியாவது இருக்கும். அதற்காக நூலகத்தின் ஒவ்வொரு பிரிவும் தரும் குறிப்புகள் இவை. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றவர் அவர். அவர் வகுத்த நூலக அறிவியலின் ஐந்து விதிகள் 1931இல் நூலாக வந்தன, நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண்ணிடும் கோலன் பகுப்புமுறை 1933இல், பட்டியலாக்க விதிகள் 1934இல். இவற்றின் முதற்பதிப்பு வைத்திருக்கும் நூலகம் முதலில் அவற்றைத்தான் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் பார்க்கும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் காலத்து அச்சுத்தாள் பெரும்பாலும் மரக்கூழ்த் தாள். அமிலம் ஏறி, பழுப்பாகி, மடித்தால் ஒடியும் நிலையில் இருக்கும். விரித்து வைக்கும் விதம் தவறினால் ஒரே வாரத்தில் முதுகு பிளந்துவிடும்.

ஆறு வாரம் முன்பே நூல்களைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். எண்ணிக்கை குறைவாக இருப்பதே நல்லது; அறுபது நூலை நெருக்கி அடுக்குவதைவிடப் பன்னிரண்டை ஒழுங்காக வைக்கலாம். ஒவ்வொன்றையும் எடுத்து முதுகு, தையல், தளர்ந்த பக்கம், ஏற்கெனவே உள்ள கிழிசல், பூச்சித் துளை எல்லாவற்றையும் குறித்து, விரிக்கப்போகும் பக்கத்தைப் படமெடுத்து வைக்க வேண்டும். ஒரு நூலுக்கு இருபது நிமிடம் ஆகும். இந்தக் குறிப்பு இல்லாவிட்டால், திரும்ப எடுக்கும்போது காணும் கிழிசல் பழையதா புதியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து தாங்கி. கடையில் விற்கும் அக்ரிலிக் ஸ்டாண்டு எல்லா நூலுக்கும் ஒரே கோணத்தில் நிற்கும். எந்த நூலும் அந்தக் கோணத்துக்காகத் தைக்கப்பட்டதில்லை. நூலை மேசையில் வைத்து மெதுவாகத் திறந்தால் ஓரிடத்தில் அட்டை தானாக நின்றுவிடும். அதற்கு மேல் தள்ளக் கூடாது. இறுக்கமாகக் கட்டிய நூல் 90 டிகிரியிலேயே நின்றுவிடும், நல்ல தையல் உள்ளது 120 வரை வரும். மேசைமேல் தட்டையாக, 180க்கு விரித்து வைப்பது எந்தப் பழைய நூலுக்கும் ஆகாது. நின்ற கோணத்தை அளந்து, இடப்பக்கக் கனம், வலப்பக்கக் கனம் இரண்டையும் தனித்தனியே அளந்துகொள்ளுங்கள். முப்பதாம் பக்கத்தில் திறந்த நூலின் இடப்பக்கம் மெலிந்தும் வலப்பக்கம் தடித்தும் இருக்கும். அதற்கேற்ப அமிலமற்ற 2 மி.மீ. அட்டையில் இடப்பக்கச் சரிவை உயர்த்தி வெட்டினால் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் உட்காரும். முதுகு விழும் இடத்தில் விரலளவு பள்ளம் விட வேண்டும். முதுகு அட்டையில் முட்டினால் பாரம் முழுவதும் தையலில் இறங்கும்.

பக்கம் புரளாமல் இருக்க 12 மி.மீ. அகலமுள்ள பாலிஎத்திலீன் பட்டையைப் பக்கத்தின் வெளி ஓரத்தில், எழுத்தை மறைக்காமல் சுற்றி, தாங்கியின் பின்புறம் பட்டையோடு பட்டையை மட்டும் ஒட்டுங்கள். பசை நூலைத் தொடவே கூடாது. ரப்பர் பேண்டு, செல்லோடேப், குண்டூசி மூன்றும் அந்த அறைக்குள்ளேயே வர வேண்டாம்.

பாதுகாப்புக் கூடம்

அரிய நூல் பிரிவு சொன்ன தாங்கி சரியாக அமைந்தாலும் வெளிச்சம் கெடுத்துவிடும். பழைய தாளுக்கும் மைக்கும் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பதுதான் நெடுங்காலமாக எல்லாரும் பின்பற்றும் அளவு. லக்ஸ் மீட்டரின் கண்ணை நூல் கிடக்கும் இடத்திலேயே, பக்கத்தின் சரிவுக்கு இணையாக வைத்து அளக்க வேண்டும். பெட்டிக்கு மேலே பிடித்து அளந்தால் கணக்கு தப்பும். போனில் வரும் செயலிகளை நம்ப வேண்டாம்.

வெளிச்சத்தால் வரும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பச் சரியாகாது. 50 லக்ஸில் தினம் 8 மணி நேரம், 30 நாள் என்றால் 12,000 லக்ஸ்-மணி. அதே காட்சிக்கு 150 லக்ஸ் வைத்தால் 36,000. ஒரு மாதத்தில் மூன்று மாத வெளிச்சத்தைக் கொட்டியிருக்கிறோம். ஆள் இல்லாத நேரத்தில் விளக்கு அணைய ஒரு சென்சார் போட்டாலே நிறைய மிச்சமாகும். எல்.இ.டி. போட்டாலும் அதற்கு மின்சாரம் தரும் டிரைவர் கருவியைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள், உள்ளே இருந்தால் சூடு ஏறும்.

வெயிலிலிருந்து நேரே உள்ளே வருகிறவருக்கு 50 லக்ஸ் இருட்டாகத் தெரியும். "விளக்கைக் கூட்டுங்கள்" என்ற குரல் முதல் நாளே வரும். கூட்ட வேண்டாம். அறையின் பொது விளக்கைக் குறைத்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, முதல் பெட்டிக்கு முன்னால் நாலைந்து அடி தூரத்துக்கு அறிமுகப் பலகைகளை மட்டும் வையுங்கள். அவற்றைப் படித்து முடிப்பதற்குள் கண் பழகிவிடும்.

கட்டடப் பிரிவிலிருந்து

பெட்டி பற்றி ஒரு வார்த்தை. புது பிளைவுட், எம்.டி.எஃப். எனும் மரத்தூள் பலகை இரண்டும் அமில ஆவி விடும். பெயின்ட் அடித்தால் குறைந்தது நான்கு வாரம் திறந்து போட்டு ஆற விட வேண்டும். விழாவுக்கு முந்தின வாரம் தச்சரைக் கூப்பிட்டால் அந்த ஆவியை நூல்தான் குடிக்கும். சிவப்பு வெல்வெட் விரிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஈர வெள்ளைத் துணியால் ஒரு தேய் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அது பெட்டிக்கு ஆகாது. துவைத்த, சாயமேற்றாத காடாத் துணி போதும். தெர்மாகோல் எழுத்துகள் வாசலில் இருக்கட்டும். அதன் துகள் நிலைமின்னால் தாளில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது.

ஈரப்பதத்தைச் சீராக வைக்கச் சிலிகா ஜெல் வைக்கிறோம் என்று இரண்டு பாக்கெட் போட்டால் ஒன்றும் நடக்காது. கன மீட்டருக்கு 20 கிலோ என்பது பழைய கணக்கு. 120 × 60 × 30 செ.மீ. பெட்டி என்றால் 0.216 கன மீட்டர், அதற்கு நாலேகால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதையும் சுடச்சுட உலர்த்தி அப்படியே வைத்தால் அட்டை வளைந்துவிடும். ஈரப்பதம் 50 சதவீதம் உள்ள அறையில் தட்டில் பரப்பி, எடை மாறாமல் நிற்கும் வரை விட்டு, பிறகு பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள். பகலில் மட்டும் ஏ.சி. ஓடி இரவில் நிற்கும் கட்டடத்தில் பெட்டி இறுக்கமாக மூடுவதுதான் முதல் காவல். ஈரப்பதம் 60இல் அசையாமல் நிற்பது, தினமும் 45க்கும் 75க்கும் இடையே ஏறி இறங்குவதைவிட எவ்வளவோ மேல். உள்ளே ஈரப்பதத்தைத் தானே பதிவு செய்யும் டேட்டா லாகர் ஒன்றை வைத்தால் இரவில் என்ன நடக்கிறது என்பது தெரிந்துவிடும்.

விழாக் குழு

திறப்பு விழா நாள் பற்றி யாரும் சொல்லவில்லை. குத்துவிளக்கை முகப்பிலேயே ஏற்றிவிடுங்கள். கூடத்துக்குள் ஏற்றினால் கரி படியும், புகை உணரியும் அலறும். பன்னீர்ச் சொம்பு, சந்தனம், குங்குமம் வரவேற்பு மேசையோடு நிற்கட்டும்; சந்தனம் தொட்ட விரலோடு யாரும் நூலைத் தொடக் கூடாது. மாலையும் பூங்கொத்தும் பூச்சியைக் கூட்டி வரும். தேநீர், சமோசா வேறு தளத்தில்.

சிறப்பு விருந்தினர் கையில் நூலைக் கொடுத்துப் படம் எடுக்கும் வழக்கத்துக்கு அதே நூலின் மறுபதிப்பை வைத்துக்கொள்ளலாம். அசலைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கையைக் கழுவி நன்கு துடைக்கச் சொல்லுங்கள். வெள்ளைக் கையுறை பார்க்க அழகு, ஆனால் ஒடியும் தாளின் ஓரம் அதன் நூலிழையில் மாட்டிக் கிழியும். கையுறை புகைப்படங்களுக்குத்தான்.

சுவடிப் பிரிவு

ஓலைச்சுவடி வைப்பவர்களுக்கு: கட்டு முழுவதையும் விசிறி மாதிரி விரிக்காதீர்கள். துளையில் ஓலை பிளக்கும். மேல் ஓலை மூன்று நான்கை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் அதே நீளத்துக்கு அட்டை கொடுத்து வையுங்கள். எண்ணெய் பூசியிருந்தால் இரண்டு மூன்று வாரம் கழித்தே பெட்டிக்குள் போகலாம், இல்லாவிட்டால் கண்ணாடியில் படலம் படியும். மாணவர்களுக்கு எழுத்தாணிப் பயிற்சி நடத்தினால் கூட்டம் நன்றாக வரும். அதற்குப் புது ஓலை போதும். ஆனால் பறித்த ஓலையை அப்படியே கொடுக்காமல் வேகவைத்து நிழலில் உலர்த்திப் பாரம் வைத்து வாங்குங்கள், பதப்படுத்தாதது சுருண்டுவிடும். கீறி முடித்ததும் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துடைத்தால் எழுத்து கறுப்பாக எழும். குழந்தைகள் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்! அசல் சுவடியில் மட்டும் இந்த வித்தையைக் காட்ட வேண்டாம்.

பட்டியல் பிரிவு

பெட்டிக்குப் போன நூல் பட்டியலில் அலமாரியில் இருப்பதாகவே காட்டினால் வாசகர் வீணாக அலைவார். வாசகர் நேரத்தைச் சேமி என்பது ரங்கநாதனின் நான்காம் விதி. அவர் பெயரில் நடக்கும் விழாவிலேயே அதை மீறுவது மனத்துக்கு உறுத்தும். கோஹா என்ற நூலக மென்பொருள் வைத்திருப்பவர்கள் பார்கோடுகளை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் வரிக்கு ஒன்றாகப் போட்டு, பேட்ச் ஐட்டம் மாடிஃபிகேஷன் வழியாக இருப்பிடத்தை "கண்காட்சி" என ஒரே தடவையில் மாற்றலாம். பழைய இருப்பிட மதிப்பைத் தனியே ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள், திருப்பும்போது அதுதான் கைகொடுக்கும். அலமாரியில் நூல் இருந்த இடத்தில் தலைப்பு, பதிவு எண், திரும்பும் தேதி எழுதிய அட்டை ஒன்றைச் செருகுங்கள்.

விளக்கச் சீட்டு அறுபது சொல்லைத் தாண்ட வேண்டாம். லேமினேஷன் செய்தால் விளக்கொளி பட்டுப் பளபளத்துப் படிக்க முடியாது, மேட் தாளில் அச்சிடுங்கள். நூல் அலமாரியில் இருக்கும் இடத்தைக் காட்டும் அழைப்பு எண் கட்டாயம்; அது இருந்தால்தான் பார்த்தவர் அடுத்த நாள் வந்து கேட்பார். கியூஆர் குறியீட்டைக் கண்ணாடிக்கு வெளியே ஒட்டுங்கள். முப்பது செ.மீ. தள்ளி நின்று ஸ்கேன் செய்ய மூன்று செ.மீ. பக்கமுள்ள சதுரம் போதும். அது பட்டியலின் முகப்புக்குப் போகாமல் அந்த நூலின் பதிவுக்கே நேராகப் போக வேண்டும்.

கோலன் முறையை விளக்க ஒரு யோசனை: லண்டன் கடை ஒன்றில் பார்த்த, துண்டுகளைப் பொருத்தி வெவ்வேறு உருவம் செய்யும் மெக்கானோ பொம்மையிலிருந்துதான் ரங்கநாதனுக்கு அந்த எண்ணம் பிறந்தது. ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்து நிற அட்டைகள் செய்து, "இந்தியாவில் நெற்பயிர் நோய்த் தடுப்பு" போன்ற ஒரு தலைப்பை மாணவர்களே பிரித்து அடுக்கட்டும். பத்து நிமிட உரையைவிட இது நன்றாகப் பதிகிறது.

அரிய நூல் பிரிவு

பெட்டியிலிருந்து நூல்களைத் திரும்ப எடுக்கும் நாளை யாரும் திட்டமிடுவதில்லை, பெரும்பாலான சேதம் அன்றுதான் நடக்கிறது. பட்டையைக் கத்தரிக்கும்போது கத்திரியின் மொட்டை முனை நூல் பக்கம் இருக்க வேண்டும். விரித்த பக்கத்தை உடனே படாரென்று மூடாதீர்கள். நாள்கணக்கில் ஒரே நிலையில் கிடந்த தையலுக்குக் கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மூட வேண்டும். முன்பு எடுத்த படத்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட்டு, பட்டியலில் இருப்பிடத்தைத் திருப்பி, அலமாரி அட்டையை எடுத்துவிட்டு நூலை அதே இடத்தில் செருகுங்கள். இவ்வளவும் அன்று மாலைக்குள் முடிய வேண்டும். மறுநாளைக்குத் தள்ளினால் "கண்காட்சி" என்ற குறிப்பு பொங்கல் வரை பட்டியலில் நிற்கும்.