ஒரே பகலில் தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும்: எதை முதலில் பார்ப்பது?

வணக்கம். பங்குனியில் ஒரு சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு கும்பகோணம் வருகிறேன். விடியற்காலை ரயிலில் இறங்கி, இரவு ரயிலில் திரும்ப வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. மெதுவாக நடப்பார், ஆனால் வெயிலில் காய்ந்த கல்தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது. நடுப்பகலில் நடையும் சாத்திவிடுகிறார்கள். அங்கேதான் திட்டம் இடிக்கிறது.

தாராசுரம் பக்கம்தான், 4 கிலோமீட்டர். கங்கைகொண்ட சோழபுரம் அணைக்கரை வழியாக ஏறக்குறைய 35. தஞ்சைப் பெரிய கோயிலை இந்தத் தடவை விட்டாச்சு, அதற்கே தனியாக ஒரு நாள் வேண்டும்.

கங்கைகொண்ட சோழபுரம் போக ஜெயங்கொண்டம் பஸ்ஸை யோசித்தேன், ஏறி இறங்குவது அம்மாவுக்கு ஆகாது. வாடகைக் கார்க்காரரைக் கேட்டால், தஞ்சையையும் சேர்த்து மூன்று கோயிலையும் மதியத்துக்குள் முடிச்சிடலாம் என்கிறார். வாசலில் கும்பிட்டுவிட்டு ஓடினால் முடியும்தான்!

அம்மாவுக்கு, கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் கட்டிய கோயிலில், அடியார் சண்டேசர் தலையில் சிவன் பூமாலை சுற்றும் சிற்பத்தை ஆற அமர நின்று பார்க்க வேண்டும். எனக்குத் தாராசுரத்தில், யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் அந்தச் சின்னச் சிற்பம்.

அந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்லுங்கள்: தரைச் சூட்டையும் நடை நேரத்தையும் பார்த்தால், காலையில் எந்தக் கோயில், மாலையில் எந்தக் கோயில்?